பதினோரு எட்டு

இளையரசனேந்தல்
6-9-1982

அன்புள்ள மகள் கோமதித்தாய்க்கு,

கர்த்தருடைய கிருபையில் நானும் மார்த்தாளும் ஒருவாறு நாளைத் தள்ளிக்கொண்டிருக்கிறோம். நீயும் துரைப்பாண்டியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

கார்டை விட்டு, ஒட்டி மூடுகிற இன்லண்டில் எழுதுவதைப் பார்த்ததுமே இது வீட்டுக் காரியம் என்று உனக்குத் தெரிந்திருக்கும். கார்டு என்றால் இந்த ஊர்த் தபால்காரர் மூக்காண்டி எனக்கு முன்னால் படித்துவிடுகிறார். போன மாதம் தெருமுனையிலேயே, "சார்வாள், சங்கரன்கோவில் வீட்டுல கிணத்து உருளை உடைஞ்சுட்டாம்லா!" என்று சத்தம் போட்டுவிட்டு, அப்புறம்தான் உன் கார்டைக் கையில் கொடுத்தார்.

செய்தி இதுதான். வருகிற மே மாதம் வீட்டு ஒத்தியைத் திருப்பிவிடலாம் என்று நினைக்கிறேன். இறந்துபோன ஒரு சக ஆசிரியருக்கு நான் போட்ட ஜாமீன் கையெழுத்துக்காக, என்னிடம் படித்த உன்னிடமே எட்டாயிரம் வாங்கினேன். வட்டிக்குப் பதில் வீட்டை உன் கையில் கொடுத்துவிட்டு இங்கே மைத்துனர் வீட்டில் ஒண்டினோம். மூன்றரை வருஷம் ஓடிவிட்டது. மைத்துனருக்கு மே மாதத்தோடு ரயில்வே வேலை முடிகிறது. அவர் குடும்பத்தோடு வந்து இறங்கினால் எங்களுக்குப் பின்கட்டில் ஓர் அறைதான் மிஞ்சும். அதற்குள் எங்கள் கூரைக்குப் போய்விட வேண்டும்.

வகுப்பில் தொட்டிக் கணக்கு ஒன்று நடத்துவேன். மேல்குழாய் நிரப்பும், கீழ்க்குழாய் காலியாக்கும், தொட்டி எப்போது நிறையும்? ஒரு வருஷம் ஒரு பெண் எழுந்து, "கீழ்க்குழாயை அடைச்சிட்டா என்ன சார்?" என்றாள். கணக்கை மட்டும் பார் என்று உட்காரவைத்துவிட்டேன். இப்போது அவள் சொன்னபடிதான் நாங்கள் செய்கிறோம். முக்கால் தொட்டிக்கு மேல் வந்துவிட்டது.

உருளை மாற்றியாயிற்றா? மழைக்கு ஓடு ஒழுகுகிறதா? எழுது.

உன் நலம் நாடும்,
ஞானஒளிவு


சங்கரன்கோவில்
19-9-1982

சார்வாளுக்கும் அம்மாவுக்கும் கோமதித்தாய் கும்பிட்டு எழுதுவது.

உங்க லெட்டரை ரெண்டு தடவை படிச்சேன். மொத தடவை உங்களுக்காகச் சந்தோசமா இருந்துச்சு. ரெண்டாவது தடவை எங்க கணக்கைப் போட்டுப் பாத்தேன். உங்ககிட்ட ஒளிக்காமச் சொல்லுதேன். அன்னைக்கு எட்டாயிரத்துக்கு ஒத்திக்குக் கிடைச்ச மாதிரி வீடு இன்னைக்கு இந்த ஊர்ல பதினஞ்சுக்குக் குறைஞ்சு கிடையாது. உங்க பணத்தைக் கையில வாங்கி வச்சுக்கிட்டு நாங்க எங்கன போய் நிக்க?

அவியகிட்ட சொன்னேன். "ஏட்டி, மே மாசத்துக்கு இப்பமே மூட்டை கட்டுதியா? கட்டுனா என்னையும் சேர்த்துக் கட்டிரு, தூக்கிட்டுப் போக வண்டிக்கூலி மிச்சம்"னு சிரிக்காவ. சிரிச்சுட்டு ராத்திரி சோத்தைப் பாதியில வச்சுட்டு எந்திரிச்சுட்டாவ.

உங்க வீடு. திருப்ப வேண்டாம்னு சொல்ல எனக்கு வாயில்ல. ஆனா ஒரு வருசம் தள்ளுமான்னு கேக்காம இருக்கவும் முடியல.

உருளை புதுசு போட்டாச்சு. ஓடு நாலு மாத்தியாச்சு. பட்டாசாலைக் கூடமும் நல்லா இருக்கு. அம்மாவைக் கேட்டதாச் சொல்லுங்க.

உங்க பிள்ளை
கோமதித்தாய்


இளையரசனேந்தல்
5-12-1982

அன்புள்ள மகளுக்கு,

உன் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லாததால் பதிலையே இத்தனை நாள் தள்ளிப்போட்டேன். தெரியாத கேள்வியைக் கடைசிக்கு விடுகிற பிள்ளை மாதிரி. ஆனால் எங்கள் நிலைமையை நீ அறிந்திருக்க வேண்டும்.

சோப்புக்கட்டியை நூலால் அறுத்து நாலாக்கி வைத்திருக்கிறோம். பேப்பரை நிறுத்தியாயிற்று. நேற்றைய பேப்பரை இன்று முடிதிருத்தும் கடையில் படிக்கிறேன், உலகம் எனக்கு ஒரு நாள் பிந்தித்தான் நடக்கிறது. குருவிகுளத்தில் இரண்டு வீட்டுக்கு டியூஷன், பஸ்ஸுக்குக் கொடுக்காமல் நடந்தே போய்வருகிறேன். காப்பி ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்த பிறகு மட்டும். இதெல்லாம் பழகிவிட்டது. காணிக்கைப் பையில் போடுகிற காசைக் குறைத்ததுதான் பழகவில்லை. பை வரும்போது கையை மூடியபடியே உள்ளே விடுகிறேன்.

இனி எழுதப்போவது மூக்காண்டிக்குத் தெரியாதது. மார்த்தாளுக்கு இரண்டு கண்ணிலும் புரை. இரண்டு வருஷமாக என்னிடம் மறைத்திருக்கிறாள். ஒருநாள் அரிசியில் கல் பார்க்கிறேன் என்று வெறும் முறத்தைத் தடவிக்கொண்டிருந்தாள், அப்போதுதான் பிடிபட்டது. இலவச முகாமுக்குக் கூட்டிப்போனேன். சர்க்கரை கூடுதலாக இருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து அதைக் குறைத்த பிறகுதான் கத்தி வைக்க முடியும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பாளையங்கோட்டையில் விசாரித்தேன். அறை, மருந்து, கண்ணாடி, என் சாப்பாடு எல்லாம் சேர்த்தால் ஒத்திப் பணத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும்.

அவள் ஒரே பிடியாக நிற்கிறாள். "மொதல்ல வீடு. கண்ணு பொறவு. அந்த வீட்டுல நடக்க எனக்குக் கண்ணு எதுக்கு? வாசப்படியில இருந்து அடுக்களை வரைக்கும் பதினோரு எட்டு. கிணத்தடிக்கு இன்னும் ஆறு. கண்ணை மூடிக்கிட்டே நடந்திருக்கேன்" என்கிறாள். இரவல் வீட்டில்தான் அவளுக்குக் கண் வேண்டியிருக்கிறதாம்.

மனம் கேட்காமல், இங்கே முற்றத்தில் சாக்பீஸால் நம் வீட்டை வரைந்தேன், அளவு மாறாமல். தினமும் சாயங்காலம் அதில் நடந்து பார்க்கிறாள். பட்டாசாலைக்குள் நேரே போய், பதினோராவது எட்டில் அடுக்களைக் கோட்டில் கால் வைக்கிறாள். ஒருநாள்கூடத் தப்பவில்லை. பள்ளிக்கூடத்தில் பரீட்சைக்கு முன் படித்ததையே மறுபடி படிப்பதற்குத் திருப்புதல் என்று பெயர். ஒத்தியை மீட்பதற்கும் திருப்புதல்தான். இவள் ஒன்றை முடித்துவிட்டு மற்றதற்காகக் காத்திருக்கிறாள்.

நான் செய்வது சரிதானா என்று தெரியவில்லை. கூடப் படித்தவனிடம் கேட்பது போல உன்னிடம் கேட்கிறேன்.

உன் போன கடித மடிப்பில் ஒரு துண்டுச் சிவப்பு நூல் ஒட்டியிருந்தது. தையல் ஏதும் ஆரம்பித்திருக்கிறாயா?

ஞானஒளிவு


சங்கரன்கோவில்
14-12-1982

சார்வாளுக்கு,

கார்டு எழுதிக் கிழிச்சுப் போட்டுட்டு இதை எழுதுதேன். அம்மா பட்டாசாலையில நடுவுல நடப்பாங்களா, இல்ல சுவரைப் பிடிச்சுக்கிட்டு ஓரமா வருவாங்களா? அதை மட்டும் உடனே எழுதுங்க.

தையல் இல்ல.

கோமதித்தாய்


இளையரசனேந்தல்
6-1-1983

அன்புள்ள மகளுக்கு,

புத்தாண்டு ஆசீர்வாதங்கள். உன் கடிதம் தந்தி மாதிரி இருந்தது. சுகமில்லையா? கேட்டதற்குப் பதில்: நடுவில்தான். சுவரைத் தொட்டு நடந்தால் குருடியாகிவிட்டதாக அர்த்தம் என்கிறாள். கையை ஆட்டிக்கொண்டு நேரே போகிறாள்.

ஒரு சந்தோஷச் செய்தி. ஒத்தியைத் திருப்புகிற வரைக்கும் அந்தத் தெருப்பக்கம் வரமாட்டேன் என்று இருந்தவள், இப்போது ஒரு தடவை நடந்து பார்த்துவிட வேண்டும் என்கிறாள். திருப்புதல் முடிந்தால் மாதிரித் தேர்வு உண்டல்லவா! இம்மாதம் முப்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மத்தியானப் பஸ்ஸில் வருகிறோம். நீ சிரமப்பட வேண்டாம். சாப்பாடு கட்டிக்கொண்டு வருவோம். வாசற்படியில் அவளை விட்டுவிட்டு நான் வெளியே நிற்க வேண்டுமாம், பக்கத்தில் வரக்கூடாதாம்.

நடந்து காட்டிவிட்டால் கண்ணைப் பற்றி இனிமேல் பேசக்கூடாது என்று என்னிடம் வாக்குக் கேட்டாள். கொடுத்துவிட்டேன்.

ஞானஒளிவு


சங்கரன்கோவில்
12-1-1983

சார்வாளுக்கு,

தபால்ல போட்டா பொங்கல் லீவுல கிடந்துரும்னு குருவிகுளம் வழியா வார பஸ் கண்டக்டர் கையில இதைக் கொடுத்துவிடுதேன். அவர் சொந்தக்காரர்தான், படிக்கமாட்டார்.

அம்மாவைக் கூட்டிட்டு வராதீங்க. வந்தாலும் நடக்கவிடாதீங்க.

பட்டாசாலைக்கு நடுவுல, காலைத் தொங்கப்போட்டு உக்காந்து நெய்யிற தறிக்குழி இருக்கு. நாங்க வெட்டுனது. ஒன்றரை வருசம் ஆச்சு. அவிய முதலாளியோட தறிச் செட்டுல கூலிக்கு நெய்தப்ப அரை வயித்துக்குத்தான் காணும். சொந்தத் தறி ஒன்னு போட்டா பிழைச்சுக்கிடலாம்னு, உங்ககிட்ட கேக்காம, நீங்க போட்ட சிவப்புச் சிமெண்டுத் தளத்தை உடைச்சு வெட்டிட்டோம். கேட்டா வேண்டாம்னுருவீங்கன்னு பயம். "ஒத்தி முடியிறப்ப மூடி, மேல பூசிருவோம்ட்டி, சார்வாளுக்குத் தெரியவா போவுது"ன்னாவ. நானும் சரின்னேன். அவிய மேல மட்டும் பழி போடக்கூடாது.

உங்க லெட்டர் வந்த அன்னைக்கு அவிய நூல் வாங்கப் போயிருந்தாவ. நான் வாசப்படியில நின்னு கண்ணை மூடிக்கிட்டு, அம்மா மாதிரி கையை ஆட்டிக்கிட்டு நடந்து பாத்தேன். இருக்குன்னு தெரிஞ்சுதான் நடந்தேன். அப்படியும் அஞ்சாவது எட்டுல கால் உள்ள போயிட்டு. தறிக்கட்டையைப் பிடிச்சுத் தொங்கிட்டேன். முழங்கால் தோல் உரிஞ்சு இன்னும் ஆறல. அம்மாவுக்குச் சர்க்கரை வேற. அவங்க விழுந்தா புண்ணு ஆறவா செய்யும்?

முப்பதாம் தேதிக்குள்ள மூடிரலாம்னு மம்பட்டியைக்கூட எடுத்தேன். அவிய தறி மேல கையை வச்சுக்கிட்டு நின்னாவ. குழியை மூடுனா எங்க அடுப்பையும் மூடணும். மூடுனாலும் புதுமண்ணு அமுங்கும். அது மட்டுமா? மழைத்தண்ணி ஏறுதுன்னு அடுக்களை வாசப்படியை அரை அடி உசத்தியிருக்கு. கிணத்தடியில ஒரு படி கூடக் கட்டியிருக்கு. அம்மா மனசுல இருக்க வீடு இங்கன இல்ல சார்வாள்.

மொதல்ல கண்ணைப் பாருங்க. ஒத்தியைத் தள்ளிப்போட வைக்கத்தான் இவ இப்படி எழுதுதான்னு உங்களுக்குத் தோணும். எனக்கே தோணுது. உங்க வீட்டுல இன்னும் கொஞ்ச நாள் இருக்கணும்னு ஆசை இல்லாம இல்ல. அதுக்காகத்தான் சொல்லுதேனோ, அம்மாவுக்காகத்தான் சொல்லுதேனோ, பிரிச்சுப் பாக்க எனக்குத் தெரியல. ஆனா குழி நிசம்.

கோமதித்தாய்


இளையரசனேந்தல்
18-1-1983

கோமதித்தாய்க்கு,

உன் கடிதம் கிடைத்தது. எனக்குக் கோபம் உண்டு. அதை எழுதாமல் விட்டால் இதுவும் ஒரு பொய்க் கடிதமாகிவிடும். அந்தத் தளம் போட்ட மூன்று நாளும் நானும் மார்த்தாளும் சாந்துச்சட்டி சுமந்தோம். காய்கிறவரை தெருவில் சமைத்துச் சாப்பிட்டோம். செப்டம்பரில் உருளையையும் ஓடுகளையும் கேட்டேன். பட்டாசாலையை நான் கேட்கவேயில்லை. நீயாக "நல்லா இருக்கு" என்று எழுதினாய். முப்பத்திரண்டு வருஷம் விடைத்தாள் திருத்தியவன் அதைக் கவனிக்காமல் விட்டேனே என்று என் மேலும் கோபம்.

கடிதத்தை மார்த்தாளுக்கு வாசித்துக் காட்டினேன். முழங்கால் உரிந்ததைச் சொன்னதும், "மஞ்சள் வச்சாளாமா?" என்று கேட்டாள். பிறகு முற்றத்தில் அந்தக் குழியையும் வரையச் சொன்னாள். வரைந்தேன். சுற்றிப் போகப் பழகிவிடலாம் என்று நடந்தாள். முதல் தடவை குழிக்குத் தப்பினாள், அடுக்களையைத் தவறவிட்டாள். இரண்டாவது தடவை சுவர்க்கோட்டைத் தாண்டித் தெருவுக்குப் போய்விட்டாள். மூன்றாவது தடவை குழிக்கோட்டுக்குள் நின்றுகொண்டு, "இப்ப நான் எங்கன நிக்கேன்?" என்று கேட்டாள்.

சொன்னேன். அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

நான் அவளுக்குக் கொடுத்த வாக்கு செல்லாது. திங்கட்கிழமை பாளையங்கோட்டைக்குப் போகிறோம். முப்பதாம் தேதி வரவில்லை. மே மாதம் ஒத்தியைத் திருப்பவும் என்னால் முடியாது. இன்னும் இரண்டு வருஷம் ஆகலாம். மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

ஞானஒளிவு


சங்கரன்கோவில்
24-2-1983

சார்வாளுக்கு,

கார்டுதான் போடுதேன், ஆரு படிச்சாலும் சரி. ஆபரேசன் ஆச்சா? இது மூணாவது கார்டு. ஒன்னுக்கும் பதில் இல்ல. ஆஸ்பத்திரி விலாசம் தெரியாம இளையரசனேந்தலுக்கே எழுதுதேன். மூக்காண்டி அண்ணாச்சி, நீங்க படிச்சா நீங்களாவது சார்வாளுக்குச் சேத்து அனுப்பிவையுங்க. குழிக்கு மேல போடப் பலகை அடிச்சாச்சு. சார்வாள் மூடச் சொன்னா மூடிருதோம்னு அவியளும் சொல்லுதாவ. ஏசவாவது ஒரு வரி எழுதுங்க.

கோமதித்தாய்


பாளையங்கோட்டை
29-3-1983

அன்புள்ள மகள் கோமதித்தாய்க்கு,

உன் மூன்று கார்டும் மொத்தமாக நேற்றுத்தான் வந்து சேர்ந்தன. மூக்காண்டி எங்கள் விலாசத்தை விசாரித்து, ஒரு கவரில் போட்டு, தன் செலவில் தபால்தலை ஒட்டி அனுப்பியிருக்கிறார். "அந்தப் புள்ளைக்குச் சீக்கிரம் எழுதுங்க சார்வாள்" என்று ஒரு சீட்டும் வைத்திருக்கிறார்.

சர்க்கரை குறையவே மூன்று வாரமாயிற்று. ஒவ்வொரு நாளும் அறை வாடகை ஏறியது, நான் ஒருவேளைச் சாப்பாட்டைக் குறைத்தேன். அதன்பிறகுதான் இடது கண்ணில் ஆபரேஷன். கட்டுப் பிரித்த பிறகும் வெறும் வெளிச்சம்தான் தெரிந்தது. கண்ணாடி வரட்டும் என்றார் டாக்டர். அந்த நாட்களில் உனக்கு எழுதப் பேனாவை எடுப்பேன், எழுத ஒன்றும் இருக்காது.

நேற்றுக் கண்ணாடி வந்தது. சோடாபுட்டிக் கண்ணாடி. அவள் பார்ப்பதற்கு என்ன காட்டுவது என்று தெரியவில்லை. சட்டைப்பையில் பைபிளுக்குள் உன் கடிதத்து நூல் இருந்தது. அதை எடுத்துப் பிடித்து, இது என்ன என்று கேட்டேன். வெகுநேரம் பார்த்தாள். "நூலு. சிவப்பு. தறி நூலு" என்றாள். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள்கூடச் சந்தோஷப்பட்டார்கள்.

வலது கண் எப்போது என்று தெரியாது. மே மாதம் பின்கட்டு அறைதான். தொட்டி அரையளவுக்கு இறங்கிவிட்டது, மறுபடி நிரப்ப வேண்டும். குழி விஷயத்தை மறந்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன். மூடுவதா வேண்டாமா என்பதை அந்தத் தளத்துக்குச் சாந்து சுமந்த இன்னொருத்தியும் சொல்ல வேண்டும் என்று பேனாவை அவளிடம் கொடுக்கிறேன்.

ஞானஒளிவு

கோமதித்தாய்க்கு நானே எழுதுவது. எழுத்துக் கோணலா இருந்தா பொறுத்துக்கோ, ரெண்டு வருசத்துக்குப் பொறவு எழுதுதேன். குழியை மூட வேண்டாம். வாற அன்னைக்குப் பாத்து நடந்துக்கிடுவேன்.
மார்த்தாள்