வளைவில் நிற்பவனுக்கு

உட்லண்ட்ஸ்,
12 அக்டோபர் 2025

அன்பு மகன் பிரபாகருக்கு,

அப்பா எழுதுவது. நீ அங்கே நலம்தானே என்று கேட்டுத் தொடங்க எனக்குக் கை ஓடவில்லை. யார் கையிலும் சிக்காமல் இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். இனிமேல் கைப்பேசியில் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் கூடாது என்று நீ சொல்லிவிட்டதால், பக்கத்து வீட்டு முனீராவிடம் கொடுத்தனுப்புகிறேன். மகளைப் பார்க்க அவர் ஹூஸ்டனுக்கு வருகிறார். உன்னைத் தன் வீட்டில் வைத்திருக்கும் நண்பன் ரவூப்பிடம் இதைச் சேர்த்துவிடுவார். படித்ததும் கிழித்துப் போடு.

இங்கே தீபாவளி நெருங்கிவிட்டது. சிராங்கூன் சாலை முழுக்க விளக்கு, நடக்க இடமில்லாத கூட்டம். உன் அம்மா ஒரு முறுக்குக்கூடச் சுடவில்லை. வீரமாகாளியம்மன் கோயிலுக்கு மட்டும் நாள் தவறாமல் போகிறாள். அமெரிக்காவில் அடுத்த தேர்தல் சீக்கிரம் வர வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறாளாம். "அம்மனுக்கு அங்கே ஓட்டு இல்லை, பாக்கியம்" என்று சொல்லித் தொலைத்தேன். அன்றைக்கே இன்னொரு முறை கோயிலுக்குப் போய்விட்டாள்.

நீ சொன்னதையெல்லாம் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. கல்லூரிக்கு வந்துகொண்டிருந்த நிதியை நிறுத்தினார்கள், உன் வேலை போனது, வேலையோடு விசாவும் போனது. அங்கேயே தங்க நீ போட்ட மனுவையும் தள்ளிவிட்டார்கள். உன்னோடு வேலை பார்த்தவர் தன் விசா வழக்குக்காக ஒழுங்காக நீதிமன்றம் போயிருக்கிறார், வாசலிலேயே குடிநுழைவு அதிகாரிகள் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். எந்த மாநிலத்தில் வைத்திருக்கிறார்கள் என்றே அவர் மனைவிக்குப் பல நாள் தெரியவில்லை. நீ குப்பை போடக்கூட வாசலைத் தாண்டுவதில்லை. "பால்கூட ரவூப்தான் வாங்கிட்டு வரான்ப்பா" என்று நீ சொன்னபோது சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த நாட்டின் திருப்புமுனைகளைத்தானே நீ வகுப்பில் பாடமாக நடத்தினாய்? எனக்கும் தொலைபேசியில் நடத்தியிருக்கிறாய். சிங்கப்பூர் தனிநாடான 1965இல்தான் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டு நம்மைப் போன்றவர்களுக்குக் கதவைத் திறந்தது என்றாய். நான் பிறந்த வருடமும் அதுதான் என்று பெருமையாக இருந்தது. இரட்டைக் கோபுரம் விழுந்த பிறகு அதே கதவில் பூட்டு மேல் பூட்டு விழுந்ததையும் சொன்னாய். கறுப்பினத்தவர் ஒருவர் அங்கே அதிபராக வென்ற அன்று உனக்குப் பதின்மூன்று வயது. பள்ளிச் சீருடையைக்கூட மாற்றாமல் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து அழுதாய். நம் பிள்ளையை ஒரு நாடு இப்படி இழுக்கிறதே என்று அன்றைக்கே பயந்தேன்.

இப்போது நடப்பதும் ஒரு திருப்புமுனைதான், மறுபடி திரும்பும், அதுவரை பொறுத்திருக்கிறேன் என்கிறாய். உனக்குத் தெரிந்த சரித்திரம் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது நான் ஓட்டும் பேருந்து. வளைவில் பேருந்து திரும்பும்போது உட்கார்ந்திருப்பவனுக்கு ஒன்றும் ஆவதில்லை. பிடி இல்லாமல் நிற்கிறவன்தான் விழுகிறான். உன் கையில் என்ன பிடி இருக்கிறது? விசா இல்லை, வேலை இல்லை. சிங்கப்பூர்ப் பாஸ்போர்ட்டும் காலாவதியாகிவிட்டது.

அதைப் புதுப்பிக்க முடியாதது ஏன் என்று நமக்குத் தெரியும். பதினாறு வயதில் படிக்கப் போனவன் பதினெட்டில் கட்டாயத் தேசிய சேவைக்கு வந்திருக்க வேண்டும். உன் வகுப்புப் பையன்கள் அத்தனை பேரும் மொட்டையடித்துக்கொண்டு ராணுவத்துக்குப் போனார்கள். நீ மட்டும் வரவில்லை. வந்தால் கைது என்பதால் அப்புறமும் வரவில்லை. நானும் சேவை செய்தவன். அந்தக் கோபத்தில்தான் அம்மா உன்னைப் பார்க்க வந்தபோது நான் வரவில்லை. கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. நேரில் பார்த்தால் முதலில் திட்டத்தான் போகிறேன். ஆனால் திட்டுவதற்கு நீ நேரில் வேண்டும்.

அதனால்தான் கேட்கிறேன், இங்கே வந்துவிடு. சிறை என்று தெரிந்துதான் கேட்கிறேன்.

வக்கீல் தங்கராஜுவைத் தேக்கா சந்தைப் பக்கத்தில் அவர் அலுவலகத்திலேயே போய்ப் பார்த்தேன். தூதரகத்தில் கேட்டால் ஊர் திரும்ப மட்டும் ஒரு பயணத்தாள் கொடுப்பார்களாம். "தானா வந்து நின்னா ஜட்ஜ் அதையும் பாப்பாரு லா, ஆனா ஜெயில் இல்லாம முடியும்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார். எவ்வளவு காலம் என்று அவரால் சொல்ல முடியவில்லை. பொய் சொல்லாத மனிதர். அன்றைக்கு மட்டும் ஒரு பொய் சொல்லியிருக்கலாம்.

உன் அம்மாவிடம் இதைச் சொன்னதும் கையிலிருந்த தட்டைக் கீழே போட்டுவிட்டாள். "பெத்த புள்ளைய ஜெயிலுக்கு வான்னு கூப்பிடுற அப்பன் ஒலகத்துலயே நீங்கதான்" என்றாள். அவள் சொல்வது நியாயம்தான். ஆனால் சாங்கிச் சிறை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ரயில் மாறி, பேருந்து ஏறி, விடுகிற நாளிலெல்லாம் வந்து கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்காருவேன். அங்கே உன்னைப் பிடித்துக்கொண்டு போனால் யாரைப் போய்க் கேட்பேன்? தினமும் என் பேருந்தில் இந்தப் பாலத்தைத் தாண்டி மலேசியாவின் ஜொகூருக்கும் திரும்பவும் ஊரையே ஏற்றி இறக்குகிறேன். என் ஒரு பிள்ளையைத் தாண்டிக் கொண்டுவர எனக்கு வழி தெரியவில்லை, பிரபா.

சிறை முடிந்தாலும் சேவை காத்திருக்கும். ராணுவப் பயிற்சி நடக்கும் தெக்கோங் தீவில் உன்னைவிடப் பன்னிரண்டு வயது குறைந்த பையன்களோடு நின்று மொட்டை போட்டுக்கொள்வாய். உன்னை அங்கிள் என்று கூப்பிடுவார்கள், கூப்பிடட்டும். முதல் நாள் பெற்றோரையும் படகில் கூட்டிப் போய்ச் சாப்பாடு போடுவார்கள். முப்பது வயதுப் பிள்ளைக்குப் பெற்றோர் துணையா என்று யார் சிரித்தாலும் நானும் அம்மாவும் வந்து உட்கார்ந்து சாப்பிடுவோம்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சாங்கி விமான நிலையத்தில் இறங்கியதும் பாஸ்போர்ட் பார்க்கும் குடிநுழைவு முகப்பிலேயே உன்னை நிறுத்தி, உள்வழியாகக் கூட்டிப் போய்விடுவார்களாம். பயணிகள் வெளியே வரும் வாசலுக்கு நீ வர மாட்டாய். "போய் நிக்காதீங்கண்ணே, பாக்க முடியாது" என்றார் தங்கராஜு. ஆனாலும் நான் வருவேன். அந்தக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்பேன். உன் விமானத்தில் வந்தவர்கள் எல்லோரும் போன பிறகும் நிற்பேன். நீ என்னைப் பார்க்க முடியாது, என் கண்ணுக்கும் நீ தெரிய மாட்டாய். அப்பா கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கிறார் என்று நினைத்துக்கொண்டு, தலையைக் குனியாமல் அவர்களோடு நடந்து போ.

வந்துவிடப்பா.

என்றும் உன் நலனையே வேண்டும்,
முத்துராமன்