இன்னும் எத்தனை வலிப்பு?

மார்ச் 3
பல் துலக்கிக்கொண்டிருக்கும்போதே குட்டிக்கு வலிப்பு. சோதனை மருந்து தொடங்கிய பிறகு இது மூன்றாவது. வாயோரம் நுரையா, பற்பசையா என்று தெரியாமல் "துப்புடி, துப்பு" என்று அதட்டிக்கொண்டிருந்தேன் நான்!

சோதனையில் பாதிப் பிள்ளைகளுக்குப் புது மருந்து, மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத இனிப்புத் தண்ணீர்; யாருக்கு எது என்று சொல்ல மாட்டார்கள். டாக்டரிடம் கேட்டேன்: எங்கள் பாட்டிலில் இருப்பது புது மருந்தா, வெறும் சர்க்கரைத் தண்ணீரா?

"எனக்கே தெரியாதும்மா. தெரிஞ்சா நானே ஒரு பக்கம் சாஞ்சிடுவேன்."

தண்ணீர்தான். இல்லையென்றால் ஏன் இப்படி வருகிறது?

மார்ச் 9
இன்று டாக்டரை விடவில்லை. யாருக்கு எது என்று யாராவது பிரித்துப் பார்க்கக் கூடாதா? அதற்குத் தனிக் குழு இருக்கிறதாம். எல்லாப் பிள்ளைகளுக்குமாகச் சேர்த்து, கடும் வலிப்புகள் ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கையைத் தொட்டதும் பார்ப்பார்களாம். எந்த நிலையில் நிறுத்துவது என்பதையும் தொடங்கும் முன்பே எழுதிவைத்துவிட்டார்களாம்.

"பயப்படும்போதெல்லாம் திறந்து பார்த்தா, தற்செயலா நடந்ததைக்கூட மருந்தோட வேலைன்னு நம்பிடுவோம்மா. உங்களுக்கு வேணாம்னா எப்ப வேணா விலகிக்கலாம்."

விலகி? ஏற்கெனவே மூன்று மருந்து பொய்த்துவிட்டது. இது நல்லதென்று முடிவானால் எங்களுக்குத்தான் முதலில் கிடைக்கும். விலகி எங்கே போவேன்?

மார்ச் 10
அப்படியென்றால், போதுமான பிள்ளைகள் விழும்வரை பார்க்க மாட்டார்கள்.

மார்ச் 17
ஆஸ்பத்திரியில் எதிர் பெஞ்சில் உட்காரும் அக்காவின் மகனும் இதே சோதனையில்தான். அவனுக்கு இன்னும் ஒன்றுகூட வரவில்லை. "உன் பொண்ணு என்னை முறைக்கிறா பாரு, மாமியார் மாதிரி" என்று சிரிக்கவைத்தார். சிரித்துக்கொண்டே அவர் மகனைப் பார்த்தேன். இவனுக்கும் ஒன்று வந்தால் எண்ணிக்கை —

சீ. நானெல்லாம் ஒரு தாயா?

மார்ச் 26
அக்காவைக் காணோம். மகனுக்குக் கடும் வலிப்பு, தீவிர சிகிச்சையில் என்றார் நர்ஸ். வீட்டுக்கு வந்து இவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"நீ நினைச்சதால வந்துச்சா? நீ நினைச்சா நம்ம வீட்டுக் குழாய்லகூட தண்ணி வராது. பேசாம படு."

தூக்கம் எங்கே வருகிறது. அந்தப் பையன் பொழைச்சுக்கணும். பொழைச்சுக்கிட்டா போதும், வேற ஒண்ணும் வேணாம்.

ஏப்ரல் 6
சோதனையை நிறுத்திவிட்டார்கள். டாக்டரே போன் செய்தார். குழு பார்த்ததாம். புது மருந்து குடித்த பிள்ளைகளுக்குத்தான் வலிப்பு அதிகமாம்.

"உங்க பாட்டில்ல இருந்ததும் அதுதாம்மா. இன்னையிலருந்து கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு நிறுத்திடலாம்."

தண்ணீர் இல்லை. மருந்துதான். தாஜா பண்ணி, முத்தம் கொடுத்து, ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் — நான்தான்டி ஊட்டினேன். நானே ஊட்டினேன்.

ஜூன் 2
குட்டிக்கு அதன்பின் ஒருமுறைதான், அதுவும் லேசாக. இன்று டாக்டர் பெற்றோரை அழைத்து அறிக்கையை விளக்கினார். ஏன் நிறுத்தினார்கள், அதுவரை எத்தனை பிள்ளைகளுக்கு என்ன ஆனது, எதையும் மறைக்கவில்லை. "முன்கூட்டியே நிறுத்தப்பட்டது" என்று வாசித்தபோது பின்னாலிருந்து ஒரு குரல்: "முன்கூட்டியாம்."

அக்கா. மடியில் மகன். அவர்களுடையதும் மருந்து பாட்டில்தான். அவன் வலது கை இன்னும் எழவில்லை. இடது கையால் குட்டியின் சடையை இழுத்தான். அவள் அவனை முறைத்தாள்.

அன்று அவனைப் பார்த்து நினைத்ததை நான் சொல்லிவிடத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அக்கா, குட்டியைப் பார்த்தபடியே, மெதுவாக:

"இவ விழுந்தப்பல்லாம், அப்பாடா, தண்ணி இவளுக்கு, மருந்து நமக்குன்னு நினைச்சேன்மா."

நான் எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.