கட்டிலுக்கு மேலே ஓடுகிற ரயில்

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் உங்கப்பாவும் இங்கே சுகமா இருக்கோம், முதுகைப் பத்தி நீ கேட்க வேண்டாம், நானும் சொல்லப் போறதில்லை, அங்கே நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தியும் வேளைக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கி நல்லபடியா இருக்கணும். போன் இருக்கும்போது எதுக்குக் கடிதம்னு கேட்பே. போன்ல பேசினா உங்கப்பா எதிரே நின்னுக்கிட்டு, போதும் நிறுத்துன்னு கையை ஆட்டிக்கிட்டே இருப்பார். காகிதம் யார் கையாட்டினாலும் நிற்காது. எழுத்துப் பிழை இருந்தா பொறுத்துக்கோ, நான் படிச்சது அஞ்சாவது, அதுலயும் பாதி நாள் உன் மாமாவைத் தூக்கி வச்சுக்கிட்டிருந்தேன். போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு சாயங்காலம் உன் ரூமுக்குள்ள யார் யார் இருந்தாங்கன்னு முதல்ல எழுதிடறேன், பின்னால ஒருத்தரும் நான் அங்கே இல்லவே இல்லைன்னு சொல்லிடக் கூடாது. உங்கப்பா. அவரோட தங்கச்சி, அதான் உன் அத்தை, வீட்டுல இருக்கிற ஒரே கை வச்ச நாற்காலியில. உன் அண்ணன், எப்ப வேணா கிளம்பிடலாம்கிற மாதிரி கதவில சாய்ஞ்சுக்கிட்டு. தச்சர், காதுல பென்சிலோட. கீழ் வீட்டு இருமல் வாத்தியார். அப்புறம் நான். நான் இருந்தது மட்டும் மத்த அஞ்சு பேருக்கும் தெரியாது.

எப்படித் தெரியாம போச்சுன்னு சொல்றதுக்கு முன்னாடி ரயில் கதையைச் சொல்லணும், போன்ல உங்கப்பா உனக்குப் பாதிதான் சொல்லியிருப்பார். முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டின மனுஷன் வேலையை விட்டு வந்து ஒரு வருஷம் சோபாவில உட்கார்ந்து, ஜன்னலுக்கு வெளியே போற டிரைவர்களை எல்லாம் திட்டிக்கிட்டிருந்தார். மூணு மாசம் முன்னாடி ஒரு சனிக்கிழமை என் தையல் டப்பாவில இருந்து இஞ்ச் டேப்பை எடுத்துக்கிட்டு உன் ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டார். என்னன்னு கேட்டா, குறுக்கே ஒரு ஆள், ஒரு ஆட்டோ, ஒரு நாய் வராத வண்டி ஒண்ணு சாகறதுக்குள்ள ஓட்டிப் பார்க்கணும், அதுக்கு ரயில்தான் தோதுன்னார். பொம்மை ரயில். எஞ்சின் என் சுண்டு விரல் நீளம்தான் இருக்கும், ஆனா அது போறதுக்கு ஒரு ஊரே வேணுமாம். ரூம் எட்டடிக்கு ஏழடி. அதுல கட்டில், பீரோ, என் தையல் மெஷின், கதவு திறக்கிறதுக்கு இடம். ரயிலுக்கு எங்கே இடம்னு கேட்டேன். கட்டிலுக்கு மேலே காத்து சும்மாதானே இருக்குன்னார்.

அடுத்த மாசம் நீ பேத்தியோட வர்றே, மூணு வாரம் படுத்து எழுந்திருக்கப் போற கட்டிலுக்கு மேலே இவர் பலகை அடிக்கிறாரேன்னு எனக்கு வயிறு எரிஞ்சது. மூணு மாசமா நான் அந்த மனுஷனைப் பேசாத பேச்சில்லை. அவர் காதில வாங்கலை. அஞ்சரை அடிக்கு மூணடி பலகை, சுவர்ப் பக்கம் கீல், இறக்கினா ரெண்டு காலை ஊன்றிக்கிட்டு மேஜை மாதிரி கட்டிலுக்கு மேலே நிக்கும், தூக்கினா அலமாரிக் கதவு மாதிரி சுவரோட ஒட்டிக்கும். அப்படித்தான் காகிதத்துல இருந்தது. தண்டவாளத்தை அந்தப் பலகைக்குள்ள வளைக்கிறதுக்குள்ள அவர் பட்ட பாடு, பஸ்ஸை சந்துக்குள்ள திருப்பறப்ப கூடப் பட்டிருக்க மாட்டார். வளைவை ரொம்ப இறுக்கினா பெட்டி கவிழுது, தளர்த்தினா தண்டவாளம் பலகைக்கு வெளியே போகுது. அஞ்சு பெட்டி மாட்டினா எஞ்சின் வளைவில இழுக்க முடியாம மூச்சு வாங்குது. மூணு பெட்டியாக் குறைச்சார். குறைச்ச அன்னிக்கு ராத்திரி சாப்பாடு இறங்கலை அவருக்கு. பாத்திரம் தேய்க்கிற பச்சை நார் பத்து நாளில எட்டு காணாம போச்சு, என்னடான்னு பார்த்தா அத்தனையும் பலகை மேலே மரமா நிக்குது. தச்சர் பட்டறை மரத்தூள் புல்லாச்சு. வாத்தியாரோட பழைய பேப்பரைப் பசையில ஊற வச்சு ஒரு மலை, அதுக்கு நடுவில குகை. மலை ஒன்பது இஞ்ச் உயரம். எல்லாம் காய்ஞ்சு, பச்சை அடிச்சு, பலகையைத் தூக்கிப் பார்க்கிறார், மலை போய் சுவத்துல இடிக்குது, பலகை பாதி திறந்த வாய் மாதிரி நிக்குது. ஊரெல்லாம் அளந்த மனுஷன் மலையை அளக்கலை. கடைசியில மலையைக் கழட்டற மாதிரி அறுத்தாங்க. இப்போ மலை ஃப்ரிட்ஜ் மேலே இருக்கு, பால் எடுக்கப் போனா குகைக்குள்ள இருந்து எறும்பு வருது.

அந்த ஞாயித்துக்கிழமை முதல் ஓட்டம். மத்தியானத்துல இருந்தே எனக்கு இடுப்புல பிடிப்பு, உன் கட்டில்ல சுவர் ஓரமாப் போய்ப் படுத்தேன், வெளிச்சம் கண்ணைக் குத்துதுன்னு போர்வையைத் தலை வரைக்கும் இழுத்துக்கிட்டேன். பக்கத்துல காய்ஞ்ச துணி மலையா இருந்தது, மடிக்காம விட்டது என் தப்புதான், அதை மட்டும் ஒத்துக்கறேன். எல்லாரும் உள்ளே வந்தாங்க. உங்கப்பா கட்டிலைப் பார்த்து, துணி இருந்தா இருக்கட்டும், பலகைக்கும் துணிக்கும் ஒன்றரை அடி இடம் இருக்குன்னு சொல்லிப் பலகையை இறக்கிட்டார். நாப்பத்திரெண்டு வருஷம் கூடக் குடும்பம் நடத்தினவளுக்கும் துணி மூட்டைக்கும் வித்தியாசம் தெரியலை. ஏய்னு குரல் கொடுக்கத்தான் போர்வையை விலக்கினேன். அதுக்குள்ள உன் அத்தை ஆரம்பிச்சுட்டா. ஏண்ணா, உன் மக என் வீட்டிலதான் தங்கப் போறான்னு அண்ணிகிட்ட எப்பதான் சொல்லப் போறேன்னு கேட்டா.

திறந்த வாயை மூடிக்கிட்டேன் கண்ணு. தலைக்கு மேலே தடக்கு தடக்குன்னு ரயில் ஓடுது, நான் கீழே படுத்துக் கேட்கிறேன். நீ போன் பண்ணி, போன தடவை நாங்க வந்தப்ப அம்மா எங்களைக் கட்டில்ல விட்டுட்டு ஹால் தரையில படுத்துக்கிட்டா, நாங்க ஊருக்குப் போனதும் பத்து நாள் எழுந்திருக்க முடியாம கிடந்தாளாமே, இந்தத் தடவை அத்தை வீட்டில ரூம் சும்மா இருக்கு, அங்கே படுத்துட்டுப் பகல்ல வந்துட்டுப் போறோம், அம்மாகிட்ட மெதுவாச் சொல்லுங்கன்னு சொன்னியாம். நீ சொன்னது ஒரு வியாழக்கிழமையாம். அன்னிக்கு அவர் ரசத்தைக் கூட விட்டுக்காம எழுந்து போனது எனக்கு ஞாபகம் இருக்கு. சனிக்கிழமை இஞ்ச் டேப். பலகைக்கு அடியில படுத்துக்கிட்டே நாளை எண்ணிப் பார்த்தேன், சரியா வந்தது. உங்கப்பா சொன்னார், ரயில் ஓடட்டும், பேத்தி போன்ல பார்க்கட்டும், அவளே அம்மாவை இழுத்துக்கிட்டு இங்கேதான் வருவா, அப்புறம் சொல்ல வேண்டிய அவசியமே இருக்காதுன்னு. குறுக்கே நாய் வராத வண்டியாம். என்கிட்டே சொன்னா நான் உடனே போனை எடுத்து உன்னோட ஒரு சண்டை, அத்தையோட ஒரு சண்டை போட்டு, நீ வர்ற டிக்கெட்டையே ரத்து பண்ண வச்சுடுவேனாம். உன் அண்ணன் ஆமாம்னான். வாத்தியார் இருமி ஆமோதிச்சார். தச்சருக்குக் கூட எல்லாம் தெரிஞ்சிருக்கு, அந்தம்மா பேச்சு அப்படித்தாங்க சார்னு அவனும் சேர்ந்துக்கிட்டான், நான் என் கையால டீ போட்டுக் கொடுத்தவன்.

அந்த நேரம் பார்த்துக் கடைசிப் பெட்டி வளைவில கழண்டு, பலகைக்கும் சுவருக்கும் நடுவில விழுந்து, என் வயித்து மேலே வந்து உட்கார்ந்தது. உங்கப்பா குனிஞ்சு கையை விட்டுத் துழாவி என் மூக்கைப் பிடிச்சார். முப்பத்தொரு வருஷத்துல ஒரு தடவை கூட பிரேக் அடிச்சுக் கத்தாத மனுஷன், அன்னிக்குப் போட்ட சத்தத்துல தச்சர் மாடிப்படி வரைக்கும் ஓடிட்டான், வாத்தியாருக்கு இருமலே நின்னு போச்சு. நான் பெட்டியை எடுத்துக் கையை மட்டும் வெளியே நீட்டினேன்.

உடனே பலகையைத் தூக்கிட முடியாது, மலையைக் கழட்டணும், ஸ்டேஷனைக் கழட்டணும், மரம் பதினேழு. அவசரத்துல ஒரு மரத்தையும் உடைக்க மாட்டேன்னு ஒவ்வொண்ணாப் பிடுங்கி டப்பாவில வைக்கிறார். இடுப்பு இருந்த இருப்புல பக்கவாட்டுல ஊர்ந்து வெளியே வரவும் முடியலை. அதனால படுத்த இடத்துல இருந்தே விசாரணையை நடத்தினேன். யார் முகமும் தெரியாது, காலு மட்டும்தான் தெரியுது. நான் பத்து நாள் கிடந்ததை என் மககிட்ட யார் சொன்னதுன்னு கேட்டேன். உன் அண்ணன் காலு ரெண்டும் கதவுக்கு வெளியே போச்சு. அத்தை காலு மட்டும் அசையலை. நான்தான் சொன்னேன் அண்ணின்னா. யார்கிட்டயும் சொல்லாதேன்னு நான் அவள் கையைப் பிடிச்சுக் கேட்டிருந்தேன், கிழமை கூடத் தெரியும், புதன். நீ மூணு மாசக் குழந்தையா இருந்தப்ப என் கத்தரிக்கோலை வாங்கிட்டுப் போய் முனையை மழுக்கித் திருப்பிக் கொடுத்தவள்தானே. அதுக்கப்புறம் உங்கப்பா மரம் பிடுங்கறதை நிறுத்திட்டு மெதுவாச் சொன்னார், இனிமே தரையில படுக்க மாட்டேன்னு நீ ஒரு வார்த்தை சொல்லு, இப்பவே போன் போட்டு நம்ம வீட்டுக்கே வரச் சொல்றேன்னு. என்னால சொல்ல முடியலை கண்ணு. சொல்லிட்டுத் தரையிலதான் படுப்பேன்னு எனக்கே தெரியும். தச்சர்தான் படியில இருந்து திரும்பி வந்து, கட்டிலுக்குக் கீழே எட்டிப் பார்த்து, கட்டிலுக்கு மேலே இருக்கிற இடத்தையே இத்தனை நாளாப் பார்த்தோமே, அடியில ஒரு அடி இடம் சும்மா கிடக்குதே, சக்கரம் வச்ச தாழ்வான கட்டில் ஒண்ணு உள்ளே தள்ளிடலாமேன்னான். என்னை வச்சுக்கிட்டே கட்டிலை அளந்தான்.

கட்டில் நேத்து வந்தது. இழுத்தா வெளியே வருது, தள்ளினா உள்ளே போகுது, ரயில் சுவத்துல, நான் மேல் கட்டில்ல, நீயும் பேத்தியும் கீழ் கட்டில்ல. நடக்கிறதுக்கு ஒன்றரை அடி மிச்சம். பேத்தி உதைப்பா, அதனால அவளை உன் பக்கமே படுக்க வச்சுக்கோ. நேத்து ராத்திரி மேலே படுத்துப் பார்த்தேன், காலையில எழுந்து நானே டீ போட்டேன். வாயால சொல்ல முடியாததை எழுதித் தர்றேன், பத்திரமா வச்சுக்கோ: மூணு வாரமும் நான் கட்டில்லதான் படுப்பேன், ஹால் தரையில படுக்க மாட்டேன், உங்கப்பா சோபாவில படுப்பார், அவருக்கு முதுகு நல்லாத்தான் இருக்கு. மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கலைன்னா போகட்டும், அவருக்குத் தனியா ஒரு கட்டில் தள்ள இடம் இல்லை. வர்றப்ப பேத்தியோட கம்பளி சட்டையை மறக்காதே, போன தடவை மறந்துட்டு என் ஷாலைச் சுத்தி அனுப்பினோம். ரயிலைப் பத்தி அவளுக்கு ஒண்ணும் சொல்லிடாதே, உங்கப்பா இப்போ போன்ல வேண்டாம், தான்தான் நேர்ல காட்டணும்னு தினமும் தூசி துடைக்கிறார். அத்தைக்கு நீயே போன் பண்ணி, அவள் ரூமைப் பெருக்க வேண்டாம்னு மரியாதையாச் சொல்லிடு.

நீங்க மூணு பேரும் நோய் நொடி இல்லாம, நினைச்சது நடந்து, நூறு வயசு நல்லா இருக்கணும். உங்கப்பாவை மன்னிச்சுட்டேன், பேத்திக்காக மூணு மாசம் என்கிட்ட திட்டு வாங்கியிருக்கார். உன் அண்ணனை மன்னிக்கிறதும் மன்னிக்காததும் ஒண்ணுதான். தச்சருக்குத் திரும்ப டீ கொடுத்தாச்சு. என்னைக் கேட்காம என் முதுகுக்காக முடிவு பண்ணினதுக்கு உன்னையும் மன்னிச்சேன், நேர்ல வந்ததும் ரெண்டு வார்த்தை பேசிக்கறேன். உன் அத்தையை மட்டும் மன்னிக்கிறதா இல்லை. அவள் சொன்னது பொய்யா இருந்திருந்தா எப்பவோ மன்னிச்சிருப்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா