கேட்டவருக்கெல்லாம் அனுமதி

ஜூலை 4, வெள்ளி

இன்றும் கம்பெனியின் வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டில் ஒரு பிரியாணிப் பொட்டலம் அதிகம். யாருடையது என்று யாருக்கும் தெரியவில்லை. ஸ்டோர்ஸ் வேம்புலி அண்ணன் வழக்கம்போல எடுத்துக்கொண்டார். "வீணாப் பூடக் கூடாதுல்ல, அதான்" என்று அதே விளக்கம்.

சாப்பிட்ட கை காய்வதற்குள் முதலாளி தங்கராஜ் சார் கூப்பிட்டார். ஸ்கூட்டர் கம்பெனிக்காரர்கள் பிரேக் ரப்பர் ஆர்டர் தருவதற்கு முன்னால் ஒரு ஆளை அனுப்புகிறார்களாம், 22ஆம் தேதி. அவர்களுடைய வரைபடங்கள் நம்மிடம் பத்திரமாக இருக்குமா? மெயில் எப்படி, டிரைவ் எப்படி, யார் எதைத் திறக்கலாம்? எல்லாம் பார்ப்பாராம். தேறாவிட்டால் ஆர்டர் இல்லை. ஆர்டர் இல்லையென்றால் இரண்டாம் ஷிப்டை மூடவேண்டியதுதான்.

"அதுக்குள்ள எங்கெங்க ஓட்டை இருக்குன்னு நீயே பாத்துடும்மா, அகல்யா."

நான் குவாலிட்டி. எனக்கும் இதற்கும் என்ன? பிரிண்டரில் பேப்பர் சிக்கினால் எடுத்துவிடுவேன், அவ்வளவுதான். அந்த ஒரு பாவத்துக்கு இந்தத் தண்டனை.

ஜூலை 5, சனி

மோல்டிங் பிரிவின் வெள்ளைப்பலகையில் பிள்ளையார் சுழி. அதன்கீழே மெயில் பாஸ்வேர்ட். அதன்கீழே "அழிக்காதீர்". அழித்தேன். டீ குடித்துவிட்டு வருவதற்குள் திரும்ப எழுதியிருந்தார்கள், முன்னைவிடப் பெரிதாக.

ஜூலை 7, திங்கள்

திருட்டு மெயில் வந்தால் நம் ஆட்கள் ஏமாறுவார்களா என்று சோதிக்க நானே ஒன்று அனுப்பினேன். புதிதாக ஒரு முகவரி தொடங்கி, "வரும் வெள்ளி முதல் பிரியாணிக்குப் பதில் சாம்பார் சாதம். மறுப்பவர்கள் கீழே உள்ள லிங்க்கில் பாஸ்வேர்டைப் பதிவு செய்யவும்."

மொத்த ஆபீசும் பதிவு செய்துவிட்டது. முதலாளி மூன்று முறை. வீட்டுக் கணக்கிலிருந்தும் ஒரு முறை.

ஒரே ஒருவர் மட்டும் ஏமாறவில்லை. வேம்புலி அண்ணன். ஆஹா என்று பாராட்டப் போனால், பாஸ்வேர்ட் மறந்து வருஷக்கணக்காகிறதாம். அதற்குப் பதிலாக நேரிலேயே சண்டைக்கு வந்துவிட்டார். "யாரும்மா அது சாம்பார் சோறுன்னு சொன்னது? பேரச் சொல்லு, நான் பேசிக்கிறேன்."

பேரைச் சொல்லவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

இன்று டிரைவ், நெட்டில் எங்கள் ஃபைல்களை வைக்கிற இடம். வரைபடம், விலை, வெள்ளிக்கிழமை என்ன சாப்பாடு, யார் யாருக்கு என்ற சாப்பாட்டு ஷீட், பூஜை போட்டோ எல்லாம் ஒரே ஃபோல்டரில் கிடக்கிறது. அதைத் திறக்கக்கூடியவர்கள் யார் யார்? ஊரே இருக்கிறது. முதலாளி மகள் கல்யாணத்துக்குச் சமைத்தவர். திருமுல்லைவாயில் கோயில் கமிட்டிச் செயலாளர். ஏசி ரிப்பேர் செய்ய வந்தவர்.

முதலாளியிடம் போய்க் கேட்டேன்.

"போன்ல வருதும்மா, இன்னார் அனுமதி கேக்கறாருன்னு. வாசல்ல வந்து கேக்கறவங்ககிட்ட இல்லன்னு எப்படிச் சொல்றது? கொடுத்துடுவேன்."

"சார், அது வாசல் இல்ல சார். பீரோ."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஏனென்றால் அந்தக் கூட்டத்தில் செல்வகுமாரும் இருக்கிறார். எங்கள் பழைய டூல் டிசைனர், அச்சு வரைபவர். இரண்டு வருஷம் முன்பு வேலப்பன்சாவடியில் இருக்கும் ஒரு ரப்பர் கம்பெனிக்குப் போனவர். எங்களோடு போட்டி போட்டு விலை கொடுக்கிற அதே கம்பெனி!

ஜூலை 9, புதன்

செல்வகுமார் வாராவாரம் ஃபோல்டருக்குள் வந்துபோகிறார். உள்ளே எதைத் திறக்கிறார் என்று என் கணக்கில் தெரியாது, முதலாளி கணக்கில்தான் தெரியும். போன மாதம் எங்களைவிட விலை குறைத்து ஒரு ஆர்டரைத் தட்டிப்போனதும் அவர்கள்தான். அப்ப இதுதானா விஷயம்? கூடவே உக்காந்து சாப்பிட்ட மனுஷன்! — கோபமா அழுகையா தெரியவில்லை. இரண்டும்தான்.

ஜூலை 11, வெள்ளி

அதிகப் பொட்டலம் யாருடையது என்று தெரிந்துவிட்டது. சமையல்காரர் சாப்பாட்டு ஷீட்டைப் பார்த்துத்தான் கட்டுகிறார். ஷீட்டில் செல்வகுமார் பெயர் இன்னும் இருக்கிறது. யாரும் எடுக்கவில்லை.

வேம்புலி அண்ணன் பாதிக் கவளத்தில் நிறுத்திவிட்டார். "அய்யய்ய! அப்போ இத்தினி நாளா அவன் சோத்தையா நான் துன்னுகினு கீறேன்?"

நிறுத்தினாரே தவிர, மிச்சம் வைக்கவில்லை.

ஜூலை 12, சனி

அந்நியர்களை எல்லாம் எடுத்துவிட முதலாளி ஒத்துக்கொண்டார். செல்வகுமாரை மட்டும் மாட்டேன் என்கிறார். ஃபோல்டர் முதலாளி பெயரில் இருப்பதால் அவர்தான் எடுக்கவேண்டும்.

"அவன் பொண்ணு காதுகுத்துல சாப்ட்டவன்மா நான். திறந்து பாக்கறப்ப அனுமதி இல்லன்னு வந்தா அவன் மனசு என்ன பாடுபடும்?"

"ரெண்டாம் ஷிப்ட் என்ன பாடுபடும் சார்?" கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

பேனாவைத் திருகிக்கொண்டிருந்தார். ஃபைல் கொடுக்க வந்த வேம்புலி அண்ணன்தான் பேசினார். "அவன் போறப்போ ஒரு மாலகூட போடலியே மொதலாளி. ஏத்துமதி அவசரத்துல உட்டுட்டோம். முறையா அனுப்பி வெக்காதவன எப்படிப் போனவன்னு சொல்றது?"

எங்கள் கம்பெனியில் வேலையை விட்டுப் போகிறவருக்கு மாலை, தாம்பூலத் தட்டு, குரூப் போட்டோ உண்டு. செல்வகுமாருக்கு எதுவுமே நடக்கவில்லை. இங்கே யார் மனசிலும் அவர் இன்னும் போகவில்லை.

சரி. அப்படியானால் அனுப்பிவைத்துவிடுவோம். இரண்டு வருஷம் தாமதம், பரவாயில்லை. வியாழன் ஆடி பிறக்கிறது, அதற்குள் முடிக்கவேண்டும் என்றார் முதலாளி.

ஜூலை 16, புதன்

ராகு காலம் முடியட்டும் என்று ஒன்றரை வரை காத்திருந்தோம். செல்வகுமார் அந்தக் கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே வந்துவிட்டார். அதன்மேலேயே மாலை விழுந்தது.

முதலாளி கணக்கைத் திறந்து அவர் எதிரிலேயே பார்த்தேன். வாராவாரம் அவர் திறந்தது ஒன்றே ஒன்றுதான் — சாப்பாட்டு ஷீட். வரைபடம், விலை எதையும் தொடவில்லை.

"அங்க வெள்ளிக்கெழம தயிர் சாதம் அகல்யா. இங்க இன்னா போடுறாங்கோன்னு பாத்து வயிறெரியறது ஒரு பழக்கமாப் பூட்ச்சி. பேர எடுக்க மனசு வரல. எடுத்தா மெய்யாலுமே போயிட்டா மாதிரி ஆயிடும்ல?"

ஒரு வாரமாக மனசுக்குள் அவரைத் திட்டாத திட்டில்லை. தலையை நிமிர்த்த முடியவில்லை.

முதலாளி "போயிட்டு வாப்பா" என்று சொல்லிப் பட்டனை அழுத்தினார். எல்லோரும் கைதட்டினோம். நிஜமாகவே போய்விட்டதா என்று செல்வகுமார் போனில் திறந்து பார்த்தார். "அனுமதி இல்லை" என்று வந்தது. கீழே "அனுமதி கேட்க" என்று ஒரு பட்டன். கை பழக்கத்தில் அதை அழுத்திவிட்டார்.

முதலாளி போன் டிங் என்றது. அவர் கட்டைவிரல் நேராக "அனுமதி"க்குப் போனது!

"சார்!!" பாய்ந்து போனைப் பிடுங்கினேன். மாலையின் பூகூட இன்னும் உதிரவில்லை, அதற்குள்.

ஜூலை 22, செவ்வாய்

காலையில் முதலாளியே என் மேஜைக்கு வந்தார். "யாரோ கேக்கறாங்கம்மா. பேர் தெரியல. இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல, நீ சொல்லிடு." அவர் போனிலேயே அனுமதியை மறுத்தேன். பாவம், யாரோ தெரியவில்லையே என்று புலம்பிக்கொண்டே போனார்.

பதினோரு மணிக்கு ஆய்வாளர் ஸ்ரீநாத் வந்தார். சிரிக்காத முகம். வெள்ளைப்பலகையைப் பார்த்தார், பிள்ளையார் சுழி மட்டும் இருந்தது. வேலையை விட்டுப் போகிறவர்களின் அனுமதியை எப்படி எடுப்பீர்கள் என்றார். அன்று எடுத்த குரூப் போட்டோவைக் காட்டினேன். மாலையோடு செல்வகுமார், தாம்பூலத் தட்டோடு முதலாளி, நடுவில் கம்ப்யூட்டர், அதற்கும் ஒரு பொட்டு.

போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தார். "பெரிய பெரிய கம்பெனியிலயே போனவங்க பேரு அப்படியே கிடக்கும். மாலை போட்டு எடுக்கறதை இப்பதான் பாக்கறேன்."

பிறகுதான் சொன்னார், காலையில் அனுமதி கேட்டது அவரேதானாம், வேறொரு பெயரில். "கொடுத்திருந்தா உள்ள வந்திருக்கவே மாட்டேன். வாசலோட திரும்பியிருப்பேன்."

முதலாளி நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார்.

ஜூலை 25, வெள்ளி

பொட்டலம் சரியாக இருந்தது. வேம்புலி அண்ணன் என்னோடு பேசவில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

ஆவணி பிறந்தது, ஆர்டரும் வந்தது. ஃபோல்டர் இப்போது என் பொறுப்பில், முதலாளிகூட என்னிடம்தான் கேட்கவேண்டும். மாலை நான் கிளம்பும்போது இரண்டாம் ஷிப்ட் ஆட்கள் கேட்டில் சத்தமாகப் பேசிக்கொண்டே உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். அப்போது என் போன் டிங் என்றது.

"தங்கராஜ் அனுமதி கேட்கிறார்: வரைபடம்." காரணம் என்ற இடத்தில் எழுதியிருந்தது: "நான்தாம்மா."

விரல் "அனுமதி"க்குப் போனது. அங்கேயே நின்றுவிட்டது. இப்படித்தானே எல்லாரும் எழுதுவார்கள்? திரும்பி நடந்து போய் அவர் அறைக் கதவைத் தட்டினேன்.

"சார், இப்ப கேட்டது நீங்கதானா?"

"நானேதாம்மா. எனக்கே விசாரிக்காம கொடுக்கல பாரு நீ," என்று எழுந்தே நின்றுவிட்டார். இத்தனை வருஷத்தில் அவர் முகத்தில் இவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.