அத்தையின் துவைகல்

அத்தைக்கு,

இன்று காலை ஆசிரியைகள் விடுதிக்கு வந்த சலவை மூட்டையைப் பிரித்ததும் வெள்ளாவி வாடை எழுந்தது. கட்டில் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

நம் குடும்பங்கள் பினாங்கு ஆற்றுத்துறையில் துணி வெளுத்த காலத்தில் நான் சிறுமி. கரையில் காயும் துணிகளுக்குக் காவல். கப்பல் வரும்போதெல்லாம் ஊரிலிருந்து உறவுக்காரர்கள் வருவார்கள். ஆற்றில் ஒரு துவைகல் கூடும். மழையில்லாத தை மாதத்தில் மேல்கல்லின் சோப்பு நுரை கீழ்க்கல்வரை வந்து தேங்கும். அங்கே துவைத்த வெள்ளைத் துணி சாம்பல் நிறத்தில் காயும். துரைவீட்டு உருப்படிகள் வெளுக்கவில்லை என்று திரும்பி வரத் தொடங்கின.

"இனிமே ஒரு கல்லுகூடப் போடக் கூடாது. ஆறு தாங்காது லா" என்று முதலில் சொன்னவர் நீங்கள்தான். அதன்பின் வந்த இரண்டு குடும்பங்களை நிபோங் திபால் தோட்டத்துக்குக் கூலி வேலைக்கு அனுப்பியவரும் நீங்கள்தான்.

பிறகு உங்கள் கொழுந்தனே மனைவியோடு வந்து இறங்கினார். துறையே உங்கள் வாயைப் பார்த்தது.

"என்னக்கா, இப்ப ஆறு தாங்குமா?" என்று கீழ்க்கல் மாமா குத்தினார்.

"தாங்காது தம்பி. புதுக் கல்லு வேணாம். என்னோடத எடுத்துக்கட்டும்" என்று கரையேறினீர்கள்.

"அப்ப நீ?" என்றார் அப்பா.

"இஸ்திரி போட்டுப் பொழச்சுக்கிறேன்." கொழுந்தன் மனைவியின் பக்கம் திரும்பினீர்கள். "வருசத்துக்கு ஒண்ணு பெத்துக்கிட்டு எங்கிட்ட வந்து நிக்காதடி. கையில வேற கல்லு இல்ல!"

எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும்தான்.

ஜெலுத்தோங்கில் வாடகைக்கு எடுத்த அறையில் கரி இஸ்திரிப் பெட்டியோடு நின்ற ஆண்டுகளில் உங்கள் பாதங்கள் உலர்ந்து வெடித்தன. சில மாலைகளில் ஆற்றுப் பக்கம் வருவீர்கள். தண்ணீரைப் பார்ப்பீர்கள், கால் நனைக்க மாட்டீர்கள். தோட்டத்துக்குப் போனவர்களைப் பற்றி ஒரே ஒருமுறை பேசினீர்கள், தேய்த்துக்கொண்டிருந்த சட்டையிலிருந்து கண்ணெடுக்காமல்: "எங்கிட்ட இருந்தது ஒரு கல்லுதானே."

நான் சென்னைக்குப் படிக்கப் போனபோது, ஒரு குளம் எத்தனை மீன்களைத் தாங்கும் என்று பாடம் நடந்தது. மிஞ்சியவை அழிந்துபோகும் என்று சொல்லிவிட்டுப் பேராசிரியர் பக்கத்தைத் திருப்பினார். எழுந்து ஏதோ கேட்க வேண்டும் போலிருந்தது. என் கூச்சம் உங்களுக்குத் தெரியுமே, உட்கார்ந்தே இருந்தேன்.

இப்போது பினாங்குக்கே திரும்பி வந்து நானே அந்தப் பாடத்தை நடத்துகிறேன். தண்ணீருக்கும் இரைக்கும் ஓர் அளவு உண்டு என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். ஆனால் 'மிஞ்சியவை' என்ற சொல் மட்டும் வாயில் வருவதில்லை, அத்தை. 'இடம் கிடைக்காதவை' என்கிறேன். மாணவிகள் அப்படியே எழுதிக்கொள்கிறார்கள்.