அது எத்தனையாவது ‘வேண்டாம்’?

தூத்துக்குடித் துறைமுகத்தின் கிரேன்களையெல்லாம் ஒற்றை விரலால் ஆட்டிவைத்து, இப்போது கூடத்துச் சுவரில் மாலையோடு வீற்றிருக்கும் என் அருமை அத்தானுக்கு,

யாரும் நம்பாத கதை ஒன்று சொல்கிறேன், சத்தியம் செய்தே சொல்கிறேன். நீங்கள் இன்னும் வீட்டைவிட்டுப் போகவில்லை. மத்தியானம் மூன்று மணியானால் ஜன்னலோரத்துப் பிரம்பு நாற்காலி தானாக நகர்ந்து, போன் சார்ஜ் போடும் மேசையருகே போய் நிற்கிறது. அந்தக் கிறீச் சத்தத்துக்குப் பயந்து கொழும்புக்குப் புறப்பட்ட கப்பல் ஒன்று பாதி வழியில் திரும்பிவிட்டது. கலங்கரை விளக்கம் குனிந்து நம் மாடியை எட்டிப் பார்த்தது. அந்தக் காலத்தில் முத்துக்குளிக்கப் போய் மூழ்கியவர்களெல்லாம் கரையேறி வந்து, “அண்ணாச்சி, கொஞ்சம் மெதுவா இழுங்க, உறங்க முடியல” என்று கெஞ்சினார்கள்.

தெருவே சிரிக்கிறது. அக்கா மட்டும், “செத்தவரையாவது சும்மா விடுலே” என்கிறாள்.

உங்கள் மகள் நிர்மலாவும் ஜெர்மன் மருமகன் லூக்காசும் முதலாண்டுப் பூசைக்கு வந்திருக்கிறார்கள். நாளை கிளம்புகிறார்கள். வந்த அன்று அக்கா சோறு வைக்க, லூக்காஸ் “வேண்டாம்” என்றான். அவள் வைத்தாள். மறுபடி வேண்டாம், மறுபடி சோறு. குவியல் மின்விசிறியைத் தொடும் சமயம் நான் விளக்கினேன்: “மாப்ளே, இங்கன மொதல் வேண்டாம் மரியாதைக்கு. ரெண்டாவது பழக்கத்துக்கு. மூணாவதும் சொன்னாத்தான் நெசமாவே வேண்டாம்.”

சிரிப்பான் என்று நினைத்தேன். எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டான். தமிழைப் புத்தகத்தில் படித்தவன், புத்தகம் போலவே பேசுவான்.

“சின்ன மாமா, மாமாவுக்கு உடல்நலம் குறைந்தபோது போனில் கேட்டேன், நாங்கள் வரட்டுமா என்று. வேண்டாம் என்றார். பெரியவர் சொன்னதை மறுபடி கேட்டால் அவரை நம்பவில்லை என்று ஆகும். எங்கள் ஊரில் அது அவமரியாதை.” பிறகு உங்கள் படத்தைப் பார்த்தான். “அது எத்தனையாவது வேண்டாம்?”

நிர்மலா எழுந்து போய்விட்டாள். உங்களுக்கு உடம்பு முடியாதிருந்தபோது, ‘அவரே வேண்டாம் என்றாரே’ என்று அவன் சொன்னதை அவள் இன்னும் மன்னிக்கவில்லை. நானோ அவனிடம் கலங்கரை விளக்கக் கதையை அவிழ்த்துவிட்டேன்.

அன்றிலிருந்து தினமும் மூன்று மணிக்கு உங்கள் படத்துக்கு முன்னால் நின்று, “நாங்கள் வரட்டுமா, மாமா?” என்று மெதுவாகக் கேட்கிறான். மூன்று முறை. என்னால் அந்த அறையில் இருக்க முடியவில்லை, அத்தான். உங்களால் முடிகிறதா?

கப்பல் திரும்பவில்லை. கலங்கரை விளக்கம் குனியவில்லை. ஆனால் நாற்காலி நகர்ந்தது. உயிரோடு இருந்தபோது நீங்களேதான் அதை இழுத்துப் போட்டீர்கள். அவனிடம் வேண்டாம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, “ஏலே, இன்னொரு தடவ கேப்பாம்லா?” என்றீர்கள். நான் மக்ரூனைக் கடித்துக்கொண்டே, “வெள்ளக்காரன் ரெண்டாவது தடவ கேக்கணும்னா மனுப் போடணும் அத்தான்” என்றேன். நீங்களும் சிரித்தீர்கள். ஆனால் இரண்டு நாள் அந்த மேசையைவிட்டு எழுந்திருக்கவில்லை.

உங்களுக்கு அவன் வழக்கம் தெரியாது. அவனுக்கு நம் வழக்கம் தெரியாது. இரண்டும் தெரிந்த நான் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து மக்ரூன் தின்றுகொண்டிருந்தேன். ஒரு போன் போட எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

நாளை அவர்கள் வண்டி ஏறுமுன் இருவரையும் உட்காரவைத்து, ஒரு கப்பல்கூடச் சேர்க்காமல், இதைச் சொல்லிவிடுவேன். இந்த வாயிலிருந்து வருவதை நம்புவார்களோ என்னவோ. நம்பும்வரை சொல்வேன், மூன்று தடவையானாலும்.

அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்த
உங்கள் மச்சினன்