ரேடியேட்டருக்குள் ஒரு பிடி தவிடு

என் அக்காவைக் கைப்பிடித்த அருமை அத்தானுக்கு,

நீங்கள் போய் இன்றோடு இருபத்தோரு நாள். நீங்கள் ஓட்டிய மோட்டாரை நாளை முதல் நான் ஓட்டவேண்டுமாம். "இனி நீதாண்டா டிரைவர்" என்று முதலாளி சொல்லிவிட்டார். நேற்றுவரை வண்டி துடைத்தவனுக்கு வந்த யோகத்தைப் பாருங்கள்! அந்த இருக்கையில் ஏறினாலே உடம்பு கூசுகிறது. ஓடிப்போகவும் வழியில்லை. அரிசி மில்லுக்குப் பின்னால் டிரைவருக்கென்று கொடுத்த வீட்டில்தான் அக்கா இருக்கிறாள். நான் வேலையை விட்டால் அவள் ரங்கூன் தெருவில் நிற்கவேண்டும்.

உங்களிடம் ஒன்று சொல்லவேண்டும். எங்கே ஆரம்பிப்பது?

நீங்கள் மாவ்பிக்கு வண்டி கொண்டுபோவதற்கு இரண்டு நாள் முன்னால், உங்களைக் கேட்காமல் வண்டியை எடுத்தேன். மில் கேட்டில் முட்டினேன். ரேடியேட்டர் ஒழுக ஆரம்பித்தது. ஈயம் வைத்து அடைக்கப் பட்டறைக்குப் போனால் முதலாளிக்குத் தெரிந்துவிடும். நம் மில் டிரைவர்களுக்கு ஒரு கைவைத்தியம் உண்டே, ஒரு சிட்டிகை தவிட்டை உள்ளே போட்டால் வெந்நீரில் ஊறி உப்பி ஓட்டையை அடைக்கும் என்று. வழியில் ஒழுகினால் வீடு வந்து சேரும்வரைக்குச் செய்கிற வேலை அது. நான் சிட்டிகையோடு நிற்கவில்லை, ஒரு பிடி அள்ளிப் போட்டேன். ஒழுகல் நின்றது. என்னைப்போல் கெட்டிக்காரன் உண்டா என்று நினைத்துக்கொண்டேன்.

பாவி, ஓட்டையை மட்டுமா அது அடைத்தது?

மிங்கலாடோன் தாண்டியதும் வண்டி கொதித்தது. மூடியைத் திறந்தீர்கள், வெந்துபோனீர்கள். வண்டியைக் கயிறு கட்டி இழுத்துவந்து கொட்டகையில் போட்டார்கள். உங்களை ஆஸ்பத்திரியில் போட்டார்கள், ஒன்பதாம் நாள் உயிர் போய்விட்டது. "அவசரக்காரன், சூட்டோட தொறந்துட்டான்" என்று மில்லே பேசியது. ஆஸ்பத்திரிக்கு முதலாளி வந்து கேட்டபோது நீங்களும், "நான்தான் கவனிக்கலைங்க" என்றீர்கள். நான் உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான்.

இன்று காலை ரேடியேட்டரைக் கழுவினேன். கீழ்த்திருகைக் கழற்றினால் நாலு சொட்டு வந்து நின்றுவிட்டது. சலவைச் சோடாவை வெந்நீரில் கரைத்து ஊற்றி, இஞ்சினைக் கொஞ்சநேரம் ஓடவிட்டேன். ஆறியபிறகு ரப்பர் குழாயைக் கீழே மாட்டி, தண்ணீரைத் தலைகீழாக ஏற்றினேன். மேல்வாய் வழியாகக் கொழகொழவென்று வந்தது, புளித்த கூழ். தண்ணீர் சுமந்து தந்த பர்மாக்காரன் கோ டின் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அமலே! இது என்ன, அழுகின மீன் ஙப்பிப் பானையா?" என்றான்.

முதலாளியும் வந்து எட்டிப் பார்த்தார். "பாத்தீங்களாடா! உள்ள சாக்கடைய வச்சுக்கிட்டு ஓட்டியிருக்கான். தான் செத்தது பத்தாதுன்னு என் வண்டியையும் கொல்லப் பாத்திருக்கான்" என்றார். பிறகு என் முதுகில் தட்டினார். "இவன் வேலைக்காரன்!" அக்கா வாளியோடு அங்கேதான் நின்றாள். நான் வாயைத் திறந்தேனா? இல்லை. அக்காவுக்காகத்தான் பேசாமல் இருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மத்தியானம் சோறு போட்டுவிட்டு அவள் கேட்டாள்.

"அது தவிடுதானே தம்பி?"

பிசைந்த சோற்றை உதறிவிட்டு நிமிர்ந்து பார்த்தேன்.

"உங்கத்தான் ஆஸ்பத்திரியிலயே சொல்லிட்டாரு. அரைமணி ஆறவச்சு, ஈரச்சாக்கப் போட்டுத்தான் தொறந்தாராம். அடைச்ச கூழுக்குள்ள ஆவி நின்னு மூஞ்சியில அடிச்சுதாம். 'உன் தம்பி பண்ணுன வேலைடி இது. வெளிய சொல்லிராத. அவன் பொழப்பும் போச்சுன்னா இந்த ஊர்ல உனக்கு ஆரு இருக்கா'ன்னு சத்தியம் வாங்கிக்கிட்டாரு."

"தெரிஞ்சுக்கிட்டேவா எனக்குச் சோறு போட்ட?"

"நீயா வாயத் தொறப்பேன்னு பாத்துக்கிட்டிருந்தேன். இன்னைக்கு அவரை அந்தப் பேச்சுப் பேசறாங்க, நீ கல்லு மாதிரி நிக்கிற."

"வீடு போயிருமே அக்கா. உனக்காகத்தான்..."

"என் தலையில போடாதடா!" அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை.

ஏன் அத்தான் அப்படிச் செய்தீர்கள்? திட்டியிருக்கலாம். செருப்பால் அடிக்கச் சொல்லியிருக்கலாம். காப்பாற்றுகிறேன் என்று என்னை இந்த வண்டியோடு சேர்த்துக் கட்டிப்போட்டுவிட்டுப் போய்விட்டீர்களே! உங்கள்மேல் கோபம் கோபமாக வருகிறது. அடுத்த நிமிஷம் அழுகை வருகிறது. உங்களைக் கொன்றவன் நான் என்று எழுத எனக்கு இவ்வளவு தாள் வேண்டியிருக்கிறது, பாருங்கள்.

அக்கா பானை சட்டிகளைச் சாக்கில் கட்ட ஆரம்பித்துவிட்டாள். காலைக் கஞ்சிக்கென்று ஒரே ஒரு சட்டியை மட்டும் வெளியே வைத்திருக்கிறாள்.

நாளை நான் வண்டியை எடுக்கமாட்டேன். அதே முற்றத்தில் முதலாளி முன்னால், கோ டின் முன்னால், மில் ஆட்கள் எல்லார் முன்னாலும் நிற்பேன். பேச நாக்கு எழாவிட்டால் இந்தக் கடிதத்தையே உரக்க வாசிப்பேன். போலீசைக் கூப்பிட்டாலும் வாசித்து முடிக்காமல் நகரமாட்டேன். இது உங்கள்மேல் சத்தியம். கூடியிருக்கிறவர்கள் எல்லாரும் கேட்டுக்கொள்ளட்டும்: என் அத்தானுக்கு வண்டி ஓட்டத் தெரியும்.

உங்கள் மச்சினன்,
செல்லையா